முந்தி முடிச்சு

முடிச்சு அவிழவில்லை. மழையில் நனைந்து நனைந்து கல்லாய் இறுகியிருந்தது. ஷாமிலா நகத்தால் நெம்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். அம்மாவின் சேலையில் வெற்றிலை வாசமும் கொழுந்துக் கறையின் கசப்பும் அப்படியே இருந்தன.

தேயிலைத் தோட்டத்து லயத்தின் பின்புறம், வாழைக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு சேலைகளை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். நடுவில் பலகை மேல் அம்மா கிடந்தாள். மலையூற்றுப் பீலியிலிருந்து பிடித்து வந்த தண்ணீர் குடங்களில் தளும்பியது. தூறல் விழுந்துகொண்டே இருந்தது. இறந்தவளைக் குளிப்பாட்ட வானத்துக்கும் அவசரம் போல.

"விடு பாப்பா," என்றாள் லெட்சுமி. அடுத்த காம்பரா வீட்டுக்காரி. அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்தவள். கையில் அரைத்த மஞ்சளோடு நின்றாள். "அந்தச் சேலைய இனி யாரு கட்டப் போறா? அப்புடியே உருவிப் போட்டுருவோம்."

"உள்ள ஏதோ இருக்குங்க அத்தை."

லெட்சுமியின் கை நின்றது.

முடிச்சு ஒரு வழியாக இளகியது. உள்ளே ஒரு துண்டுப் பாக்கு, வாடிய வெற்றிலைக் காம்பு, அவற்றோடு மருந்துக் குளிசைகள். வெள்ளையில் இரண்டு நனைந்து மாவாகியிருந்தன. ஒரு சிவப்புக் குளிசையின் சாயம் சேலையில் ஊறிப் பரவியிருந்தது. தாள் உறையோடு ஒரு பெரிய வெள்ளைக் குளிசை. அது தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறது. கடைசியாக, அட்டையிலிருந்து கத்தரித்தெடுத்த ஆரஞ்சு நிறக் குளிசை ஒன்று. அதன் மேல் வெள்ளித்தாள் இன்னும் பளபளத்தது.

ஷாமிலா ஆரஞ்சை விரல் நுனியால் புரட்டினாள். அது அவள் கொண்டுவந்தது.

லெட்சுமி குனிந்து, மஞ்சள் கையாலேயே அவள் உள்ளங்கையை மூடினாள். "வச்சுக்க," என்றாள் மெதுவாக. "ஆம்பளைங்க எல்லாம் முன்னாடி நிக்கிறாங்க." பிறகு மற்றவர்களுக்குக் கேட்கும்படி, "தண்ணிய ஊத்துங்கடி, நேரமாகுது," என்றாள்.

அந்த லயத்தில் முந்தியில் முடிச்சு இல்லாத பெண் கிடையாது. டிஸ்பென்சரி மலைக்கு அந்தப் பக்கம். காலையில் அங்கே போய் வரிசையில் நின்றால் அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைக்கு வேலை செய்ததாகவே கணக்கில்லை. அதனால் எப்போதாவது போகிறவள் கையில் கிடைத்ததை எல்லாம் வாங்கி வந்து, வலி தீர்ந்ததும் மிச்சத்தை முடிந்து வைத்துக்கொள்வாள். நிரையில் ஒருத்திக்குத் தலை வலித்தால் பக்கத்து நிரைக்காரி முடிச்சை அவிழ்ப்பாள். இன்றைக்கு வாங்கிக்கொண்டவள் இன்னொரு நாள் கொடுப்பாள். வெற்றிலை மாற்றிக்கொள்வது போலத்தான். கேட்டு இல்லையென்று சொன்னால் அது பெரிய குறை.

ஷாமிலாவின் அம்மா ராக்காயியின் முடிச்சுதான் எல்லாவற்றிலும் பெரியது. "டாக்டரம்மா, எனக்கும் ஒன்னு குடுங்க," என்று கங்காணியே கேட்பார். "ஒங்களுக்குக் குடுத்தா நோவு போகும், வாயி போகாதே," என்று சொல்லிவிட்டுத்தான் அவிழ்ப்பாள். மலையே சிரிக்கும்.

அப்படிப்பட்டவளுக்குக் காய்ச்சல் வந்தது. அடைமழைக் காலம். தலையில் போட்ட கொங்காணியை மீறித் தண்ணீர் முதுகில் இறங்கும் மாதம். டிஸ்பென்சரியில் துரைராசா மருந்தய்யாவிடம் போய்க் காய்ச்சலுக்கு வெள்ளைக் குளிசை வாங்கி வந்தாள். உடம்பு முறித்துப் போட்டது போல வலிக்கிறது என்றதும் லெட்சுமி தன் முடிச்சிலிருந்து சிவப்புக் குளிசைகளைக் கொடுத்தாள். அவளுடைய முதுகுவலிக்குத் தந்ததில் மிஞ்சியவை. அப்பா வீரய்யா மழையோடு றொசல்ல ஸ்டேஷன் வரைக்கும் இறங்கிப் போய், கடையில் கரைத்துக் குடிக்கிற குளிசை வாங்கி வந்தார். கினிகத்தேனையில் துணிக்கடையில் வேலை செய்யும் ஷாமிலா, அம்மாவுக்குச் சுகமில்லை என்று கேட்டு லீவு போட்டு வந்தவள், வருகிற வழியில் மருந்துக் கடையில் ஏறினாள். "வலிக்கு நல்லதா ஒன்னு," என்று கேட்டாள். ஒரு அட்டை தந்தார்கள். காய்ச்சல் என்று அவள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

ஆளுக்கு ஒன்று. ஒருவர் கொடுத்தது என்னவென்று இன்னொருவர் விசாரிக்கவில்லை. அன்பாய்க் கொடுப்பதில் விசாரிக்க என்ன இருக்கிறது?

ராக்காயி எல்லாவற்றையும் உள்ளங்கையில் போட்டுப் பார்த்தாள். "காய்ச்சலுக்கு ஒன்னு, மேல்வலிக்கு ஒன்னு, தலவலிக்கு எங்கூட்டுக்காரர் ஒன்னு, எம்மவ பாசத்துக்கு ஒன்னு," என்று சொல்லி, கரைக்கிறதைக்கூடக் கரைக்காமல் ஒரே வாயில் போட்டு வெறும் தேயிலைச் சாயத்தண்ணீரில் விழுங்கினாள். வாய் கசக்குது என்று சோற்றைத் தொடவில்லை.

வேர்த்துக் கொட்டியது. காய்ச்சல் விட்டது. காலையில் வேலைக்குக் கூப்பிடும் தப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். எல்லோருக்கும் சந்தோஷம். சாயந்திரம் காய்ச்சல் திரும்பி வந்தது. மறுபடியும் ஆளுக்கொன்று.

இன்று விடியும்போது அவளைக் கம்பளியில் கிடத்தி, நாலு பேர் மூலைக்கு ஒருவராய்த் தூக்கி, லொறி நிற்கும் ரோட்டுக்குக் கொண்டு போனார்கள். பாதி வழியில் அம்மாவின் கை கம்பளிக்கு வெளியே விழுந்தது. கூடவே ஓடிவந்த லெட்சுமி மூக்கருகே விரலை வைத்துப் பார்த்து, அப்படியே வழுக்குப் பாதையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா மட்டும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "சூடு இருக்கே. இன்னும் சூடு இருக்கே. நடங்கப்பா," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கீழே காலை ரயில் ஊதிக்கொண்டு போனது.

*

குளிப்பாட்டிக் கோடிச் சேலை கட்டி, நெற்றியில் பெரிய பொட்டு வைத்து, அம்மாவைக் காம்பராவுக்குள் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். ஷாமிலா குளிசைகளைக் கைலேஞ்சித் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். நடக்கும்போதெல்லாம் அது உறுத்தியது.

வாசலில் லயத்து மூக்கன் சவப்பெட்டி அடித்துக்கொண்டிருந்தார். தோட்டத்திலிருந்து கொடுத்த பலகை ஈரமாக இருந்தது. ஆணி இறங்கும் சத்தம் மந்தமாக வந்தது.

"ஒங்கம்மாவுக்குப் பொட்டி அடிப்பேன்னு நெனக்கல பாப்பா," என்றார் தலையைத் தூக்காமல். "போன மாசம் ஒரு கெழவனுக்கு அடிச்சிக்கிட்டு இருக்கேன், இவ கொழுந்துக் கூடையோட வந்து நிக்கிறா. 'அண்ணே, பொட்டி சின்னதா இருக்கே, கெழவன் கால மடக்கித்தான் போகணுமா?'ங்கிறா. நான் சிரிச்ச சிரிப்புல ஆணி வளைஞ்சி போச்சு." சொல்லிவிட்டு ஒரு ஆணியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

இஸ்தோப்புத் திண்ணையில் அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரோடு சாய்ந்திருந்தார். அம்மாவைத் தூக்கிப் போன அதே கம்பளி. யாரோ வாங்க முயன்றபோது அவர் விடவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அவர் கையைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒருத்தி, "எந்தலவலிக்கு இனி யாரு முடிச்ச அவுப்பா, எங்க டாக்டரம்மா," என்று ஒப்பாரி வைத்தாள். அந்த வரியில் லெட்சுமி சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போனதை ஷாமிலா பார்த்தாள்.

துரைராசா மருந்தய்யா குடையோடு வந்தபோது எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்துக்கு வந்து தலை நரைத்துவிட்டது. பேச்சு மட்டும் மாறவில்லை. குடையை மடக்கிச் சுவரில் சாத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அம்மாவைப் பார்த்தார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். வெளுத்துப்போன நகங்களைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

வெளியே வந்து அப்பாவிடம் கேட்டார். "என்ன செய்தது வீரய்யா?"

"காய்ச்சலுங்கய்யா."

"காய்ச்சல் எண்டு என்னட்டை வந்தவதான். பிறகு? வேறை ஏதும் மருந்து குடுத்தனீங்களே?"

அப்பா தரையைப் பார்த்தார். மூக்கனின் சுத்தியல் நின்றது. வேறு இடத்தில் மருந்து வாங்கியதாகச் சொன்னால் மருந்தய்யா ஏசுவார் என்பது லயத்தில் குழந்தைக்கும் தெரியும். எந்த டாக்டர் கேட்டாலும் ஒன்றும் எடுக்கவில்லை என்று சொல்லித்தான் பழக்கம். இன்றைக்கு ஏசுவதோடு போகாது. மருந்துச் சாவு என்று ஒரு சொல் வெளியே வந்தால் பொலிஸ் வரும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள், உடம்பைக் கீறுவார்கள். மேட்டு லயத்தில் ஒருத்தனை அப்படிக் கொண்டு போய், தைத்துக் கொண்டு வந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

"நீங்க குடுத்ததுதாங்கய்யா," என்றார் அப்பா.

அடுப்படி வாசலில் லெட்சுமி நின்றாள். அவள் கண் ஷாமிலாவின் இடுப்பில் இருந்தது.

"சரி," என்றார் மருந்தய்யா. குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

ஷாமிலாவுக்குத் தன் கால் எப்போது நகர்ந்தது என்று தெரியவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போகிறவள் போல லயத்தைச் சுற்றி இறங்கி, பீலியடியில் அவரைப் பிடித்தாள். மூச்சு வாங்கியது. குடத்தைப் பீலியின் கீழ் வைத்துவிட்டு, கைலேஞ்சியை விரித்து நீட்டினாள்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். தொடவில்லை.

"எல்லாம் அம்மா எடுத்தவவோ?"

"ஆமாங்கய்யா."

"ஒண்டாயோ?"

அவள் தலையை ஆட்டினாள்.

"சாப்பிட்டவவோ?"

"இல்லைங்கய்யா. சாயத்தண்ணி மட்டுந்தான்."

மருந்தய்யா பீலியில் விழும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நான் குடுத்த வெள்ளை வேறை," என்றார். "மற்ற மூண்டும் ஒரு இனம் பிள்ளை. நிறந்தான் வேறை. வெள்ளையோடை அதிலை ஒண்டைச் சேத்து நானே சிலபேருக்குக் குடுக்கிறனான். சாப்பாட்டுக்குப் பிறகு, ஆளைப் பாத்து. மூண்டையும் வெறும் வயித்திலை போட்டா வயிறு புண்ணாய்ப் போகும். ரத்தம் உள்ளுக்கை கசியும்." கொஞ்சம் தயங்கினார். "சத்தி எடுத்தவவே?"

"வாந்தியா? எடுத்தாங்க. நேத்து சாயந்திரம்." ஷாமிலா நிறுத்தினாள். அவளுக்கு அப்போதுதான் அந்தத் தகரப் பேசின் கண்ணுக்குள் வந்தது.

அம்மா கட்டிலிலிருந்து தலையைத் தொங்கவிட்டு வாந்தி எடுத்தாள். ஷாமிலா பேசினைப் பிடித்திருந்தாள். கறுப்பாகத் தண்ணீர், அதில் மிதக்கும் கரும் துகள்கள். தோட்டத்தில் கொடுக்கிற தேயிலைத் தூள் காம்பும் நாருமாகத்தான் இருக்கும். எவ்வளவு வடித்தாலும் கோப்பையின் அடியில் சக்கை தங்கும். குடித்த சாயம் அப்படியே வந்துவிட்டது என்று நினைத்தாள். அம்மாவும் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஒந்தேத்தண்ணி எனக்கே புடிக்கல புள்ள," என்று சிரித்தாள். உதட்டோரம் சிவப்பாக இருந்தது. அம்மாவின் உதடு என்றைக்குத்தான் சிவப்பாக இல்லை? வெற்றிலை என்று விட்டுவிட்டாள். பேசினைத் தண்ணீர் ஓடும் கானில் கொட்டி, இரண்டு முறை தண்ணீர் ஊற்றி அலசினாள்.

"தேயிலைச் சக்கை மாதிரி இருந்திச்சுங்கய்யா," என்றாள்.

மருந்தய்யா கண்ணை மூடித் திறந்தார்.

"அது சக்கை இல்லைப் பிள்ளை."

பீலித் தண்ணீர் கல்லில் விழுந்து தெறித்துக்கொண்டிருந்தது. குடம் நிரம்பி வழிவதை இருவரும் பார்த்தார்கள். யாரும் அதை எடுக்கவில்லை.

"அந்தச் சிவப்பு, லெட்சுமிக்கு நான் குடுத்தது," என்றார் அவர், தனக்குத்தானே சொல்வது போல. "சனம் நிறைய நிண்டது. அள்ளிக் குடுத்தனான். மிச்சத்தை ஒருத்தருக்கும் குடுக்காதை எண்டு ஒரு வாய் சொல்லேல்லை."

"கீறுவாங்களாய்யா?"

"நான் சொன்னா கீறுவினம்."

மேலே தப்பு ஒலிக்கத் தொடங்கியது. முதலில் ஒற்றை அடி. பிறகு தொடர்ந்து. தண்ணீர் மஞ்சளாக ஓடிய அம்மாவின் முதுகு ஷாமிலாவின் நினைவுக்கு வந்தது. தழும்பில்லாத, கூடைக் கயிறு மட்டும் நெற்றியில் கோடு போட்ட உடம்பு. கைலேஞ்சியை மறுபடி மடித்தாள்.

மருந்தய்யா காத்திருந்து பார்த்தார். "காய்ச்சல் எண்டு எழுதுறன்," என்றார் கடைசியில். "காய்ச்சலும் இருந்ததுதானே." குடையை விரிக்காமலே மழையில் இறங்கிப் போனார்.

*

மதியத்துக்குப் பின் அம்மாவை எடுத்தார்கள். ஆண் பிள்ளை இல்லாத வீடு. அப்பாதான் நனைந்த வேட்டியோடு குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வந்தார். மூன்றாம் சுற்றில் அவர் கால் தடுமாறியது. துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். மூக்கன் தோளைக் கொடுத்தார். தப்புச் சத்தம் தேயிலைக்குள் இறங்கி, திருப்பத்தில் மங்கி, பிறகு மழையோடு மழையாகிவிட்டது.

பெண்கள் லயத்திலேயே நின்றார்கள். காம்பராவைக் கழுவினார்கள். கட்டிலைத் தூக்கி வெளியே சாத்தினார்கள். ஷாமிலா பேசினை எடுத்துத் தேய்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். பிறகு மண் போட்டுத் தேய்த்தாள்.

"தகரம் ஓட்டையாயிரும்டி," என்றாள் லெட்சுமி. வந்து பேசினைப் பிடித்து வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். இருவரும் தனியாக இருந்தார்கள். லெட்சுமி கேட்க நினைத்தது அவள் முகத்திலேயே இருந்தது. மருந்தய்யாவின் பின்னால் ஷாமிலா போனதை அவள் பார்த்திருக்க வேண்டும்.

"என்னா சொன்னாரு?" என்றாள் கடைசியில்.

"காய்ச்சல்னு எழுதுறாராம்."

"அப்ப சரி." லெட்சுமி பெரிய மூச்சு விட்டாள். "அப்ப காய்ச்சல்தான்." ஷாமிலாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பது போலக் கையைக் கொண்டுபோனவள், பாதியில் நிறுத்தி, முந்தியால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள்.

ஆண்கள் ஆற்றில் முழுகிவிட்டு வந்தார்கள். அப்பா ஈரத் தலையோடு இஸ்தோப்பில் உட்கார்ந்தார். உட்காரவில்லை, விழுந்தார். பற்கள் கிடுகிடுவென்று அடித்தன. ஷாமிலா துவாயைக் கொண்டுவந்து தலையைத் துவட்டப் போனாள். நெற்றியில் கை பட்டதும் எடுத்துவிட்டாள். அடுப்புக் கல்லைத் தொட்டது போலிருந்தது.

சூடு இருக்கே. இன்னும் சூடு இருக்கே.

காலையில் அவர் சொன்னது அம்மாவின் சூடு இல்லை. அவருடைய கைச்சூடு.

"காய்ச்சலு தூக்கி அடிக்குது வீரய்யா அண்ணனுக்கு," என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். கூட்டம் அசைந்தது. சாவு வீட்டில் வேலையில்லாமல் நின்ற கைகளுக்கெல்லாம் ஒரு வேலை கிடைத்தது. ஒருத்தி சாயத்தண்ணீர் ஊற்றப் போனாள். மூக்கன் சட்டைப் பையைத் தடவி, தாள் உறையில் ஒரு பெரிய குளிசையை எடுத்தார். "கரைச்சிக் குடுங்க. ஒடனே கேக்கும்." லெட்சுமி முந்தி முடிச்சை அவிழ்த்தாள். பழக்கம். கை தானாகப் போய் அவிழ்த்தது. சிவப்பாக ஒன்று வந்து அப்பாவின் உள்ளங்கையில் விழுந்தது. அதற்குப் பக்கத்தில் மூக்கனுடையது. பின்னாலிருந்து இன்னொரு கை நீண்டு, இன்னொன்று.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கையை வாய்க்குக் கொண்டு போனார்.

"அப்பா, வேணாம்!"

ஷாமிலா வீட்டில்கூட உரத்துப் பேசாத பெண். கடையில் துணி விரிக்கும்போது விலை சொல்லவே கூசுகிறாள் என்று முதலாளி குறை சொல்வார். அந்தக் குரல் அவளுடையதுதானா என்று எல்லோரும் திரும்பினார்கள். அவள் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, குளிசைகளை எடுத்தாள்.

"என்னா பாப்பா இது?" என்றார் மூக்கன். "மனுசன் நடுங்குறாரு."

"எல்லாம் ஒரே சாதிக் குளுசை மாமா. நெறந்தான் வேற. வெறும் வயித்துல சேத்துப் போட்டா வயித்துக்குள்ள ரத்தம் கசியும். மருந்தய்யா சொன்னாரு." அவள் குளிசைகளைக் கைக்குள் இறுக மூடிக்கொண்டாள். "அம்மா நேத்து எடுத்தது சாயம் இல்ல."

சாயத்தண்ணீர் கொண்டுவந்தவள் கோப்பையோடு வாசலில் நின்றாள்.

லெட்சுமியின் முகம் வெளுத்தது. "என்னாடி சொல்ற? அப்ப நாந்தான் ஒங்கம்மாவக் கொன்னுட்டேங்கிறியா?" அவள் மாரில் அடித்துக்கொண்டாள். "சின்னதுல இருந்து கூடப் பறிச்சவ நானு! அவ நோவுக்கு எம்முடிச்ச அவுத்தது தப்பா? இத எல்லாரும் கேக்கச் சொல்லணுமா, இன்னைக்கு?"

ஷாமிலா இடுப்பிலிருந்து கைலேஞ்சியை எடுத்தாள். தரையில் வைத்து விரித்தாள். சாயம் ஊறிய சிவப்பு, தாள் உறை, ஆரஞ்சு.

"இது ஒங்களுதுங்க அத்தை," என்றாள். ஆரஞ்சைத் தொட்டாள். "இது என்னுது."

தாள் உறையை அவள் தொடவில்லை. ஆனால் அப்பா அதைப் பார்த்துவிட்டார். றொசல்லக் கடையில், மழையில் நின்று, நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தது. அவர் கையை நீட்டி அந்த உறையை எடுத்தார். கட்டை விரலால் அதன் ஓரத்தைத் தடவினார். கிழிக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டார். கம்பளி குலுங்கியது. காய்ச்சல் நடுக்கமா, வேறா என்று யாராலும் சொல்ல முடியாது.

லெட்சுமி எழுந்தாள். யாரையும் பார்க்காமல் தன் காம்பராவுக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் இறங்கினார்கள். மூக்கன் கடைசியாகப் போனார். போகும்போது, "நாளைக்கு விடிஞ்சதும் வந்து மருந்தய்யாகிட்டக் கூட்டிக்கிட்டுப் போறேன்," என்றார். "பேரு விழாட்டிப் போகுது."

*

வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. மழை விட்டு மேகம் தேயிலை மேல் படுத்திருந்தது. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. அப்பாவின் வயிறு காலையிலிருந்து காலி. சாமிப் படத்துக்குப் பின்னால் டிஸ்பென்சரித் தாளில் வெள்ளைக் குளிசைகள் இருந்தன. சாப்பிடாமல் அதைக்கூடக் கொடுக்க ஷாமிலாவுக்குப் பயம். அடுத்த லயத்தில் யாரிடமாவது கஞ்சி கேட்கலாமா என்று யோசித்தாள். இன்றைக்கு யார் வாசலில் போய் நிற்பது?

செருப்புச் சத்தம் கேட்டது.

லெட்சுமி வந்தாள். ஒரு கையில் மூடிய சட்டி, மறு கையில் போத்தலில் சாயத்தண்ணீர். ஷாமிலாவிடம் பேசவில்லை. அப்பாவின் அருகே உட்கார்ந்து சட்டியைத் திறந்தாள். கஞ்சி ஆவி பறந்தது. மேலே ஒரு துண்டு ஊறுகாய்.

"எந்திரிங்கண்ணே," என்றாள். "ஒரு வாயி."

அப்பா முகத்தைத் திருப்பினார்.

"எனக்காக வேணாம். ஒங்க மவளுக்காகக் குடிங்க. அது நிக்கிற நெலையப் பாருங்க."

கரண்டி கரண்டியாக லெட்சுமி ஊட்டினாள். அவர் குழந்தை போல வாங்கிக்கொண்டார். அவள் குனிந்து நிமிரும்போதெல்லாம் முந்தி முன்னால் சரிந்து ஆடியது. அதன் நுனியில் முடிச்சு இல்லை. துணி மட்டும், வருஷக்கணக்காக முடிந்து முடிந்து விழுந்த சுருக்கத்தோடு, காற்றில் லேசாகப் பறந்தது.

கஞ்சி முடிந்ததும் ஷாமிலா வெள்ளைக் குளிசையைக் கொடுத்தாள். அது ஒன்றுதான். அப்பா அதை விழுங்கி, போத்தல் சாயத்தைக் கோப்பையில் வாங்கிக் குடித்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். லெட்சுமி சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போய், "ராத்திரி கதவச் சாத்தாத. நான் வந்து படுத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஷாமிலா கோப்பையை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கானுக்குப் போனாள். கவிழ்க்கப் போனவள் நின்றாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். அடியில் கறுப்பாகத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. விரலை விட்டுக் கொஞ்சம் எடுத்து, நுனிகளுக்கிடையில் வைத்துத் தேய்த்தாள். சுருண்டிருந்த ஒன்று விரிந்தது. சின்னதாக நரம்பு தெரிந்தது. ஒரு காம்பு.

தேயிலைதான்.

அவள் கோப்பையை அலசிக் கவிழ்த்து வைத்தாள்.